ஒரு ரேடியோவும் ஓர் அரை உண்மையும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரைத் தொடரில் சினிமாவைப் பற்றி, அதுவும் ஒரு ஹிந்திப் பொலிஸ் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிகழ்ச்சித் தயாரிப்பாளரும் முதலில் தயங்கத்தான் செய்தார். அவருக்கு நான் சொன்ன சமாதானத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் படம் பான்வல்கர் என்ற மராத்தி எழுத்தாளரின் 'சூர்யா' என்னும் சிறுகதையிலிருந்து பிறந்தது. திரைக்கதை எழுதியவர் விஜய் டெண்டுல்கர், இந்தியாவின் தலைசிறந்த நாடகாசிரியர்களுள் ஒருவர். நடுவிலே திலீப் சித்ரே என்ற கவிஞரின் கவிதை ஒன்று வருகிறது. சிறுகதை, நாடகம், கவிதை மூன்றும் சேர்ந்த ஒன்றை இலக்கியம் அல்ல என்று தள்ளிவிட முடியுமா? 1983இல் கோவிந்த் நிஹலானி இயக்கிய 'அர்த் சத்யா'தான் அந்தப் படம். பெயரைத் தமிழில் சொன்னால் 'அரை உண்மை'.

இன்னொரு காரணமும் உண்டு. அதைத் தயாரிப்பாளரிடம் நான் சொல்லவில்லை. பேச்சின் முடிவில் உங்களிடம் சொல்கிறேன்.

ஹிந்தி எங்கள் காதுக்கு அந்நிய மொழியாக இருந்ததில்லை. இந்தியாவுக்காக இலங்கை வானொலி நடத்திய ஹிந்தி ஒலிபரப்பைக் கண்டியில் இருந்துகொண்டு நாங்களும் கேட்டோம். 1952இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியையும், 2024இல் மறைந்த அமீன் சயானியின் குரலையும் எங்கள் தெருவில் அறியாதவர் இல்லை. பாட்டின் பொருள் தெரியாது, மெட்டு தெரியும். ஹிந்திப் படம் என்றால் பாட்டு என்றுதான் வளர்ந்தோம். 'அர்த் சத்யா'வில் நாயகனும் நாயகியும் ஓடிப் பாடும் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதிலே ஒரு ரேடியோ வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் படத்தைப் பார்த்தது 1985இல், கட்டுக்கலையில் ஒரு வீட்டு மாடியில். 1983 ஆடிக் கலவரத்தில் கண்டி நகரத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு இரவுக் காட்சிக்குத் தியேட்டருக்குப் போகும் துணிச்சல் எங்களுக்கு இல்லாமற் போயிற்று. ஐந்தாறு பேர் காசு சேர்த்து, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்போம். வாங்கிவரும் மூன்று கசெட்டையும் விடிவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். இந்தக் கசெட்டைத் தந்த கடைக்காரர், "பொலிஸ் படம், நல்ல சண்டை இருக்கு" என்று சொல்லித் தந்தார்.

பொலிஸ் படம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1973இல் வந்த 'சஞ்சீர்' படத்தில் அமிதாப் பச்சன் பொலிஸ் நிலையத்தில் நாற்காலியை எட்டி உதைத்த காட்சி இந்தியா முழுவதையும் கவர்ந்தது. அதையே மறு வருடம் 'சிரித்து வாழ வேண்டும்' என்று எம்.ஜி.ஆர். தமிழில் நடித்தார். அதே 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' படத்தில் சிவாஜி கணேசனின் எஸ்.பி. சௌத்ரி, கடமைக்காகத் தன் மகனையே சுடுகிறார். 1982இல் 'மூன்று முகம்', ரஜினிகாந்தின் அலெக்ஸ் பாண்டியன். இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இவர்கள் ஆளைத் தவறாக அடிப்பதே இல்லை. கை ஓங்கினால் அங்கே நிற்பவன் குற்றவாளியாகத்தான் இருப்பான். திரைக்கதை அப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஹிந்தி விளங்கியவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். நாங்கள் அவரை 'சார்ஜன்ட் அங்கிள்' என்போம். வானொலியிலும் தியேட்டரிலும் பொறுக்கிய ஹிந்தி அவருடையது. ஒரு நீண்ட வசனத்தைக் கேட்டுவிட்டு, "கோவத்துல ஏசுறான்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அந்த வகையில் அவருடைய மொழிபெயர்ப்பும் ஓர் அரை உண்மைதான்.

அவர் சுவரில் ஒரு சட்டம்போட்ட படம் தொங்கும். கடமையில் உயிர்விட்ட இலங்கையின் முதற் பொலிஸ்காரர் எனப்படும் கொன்ஸ்டபிள் சபானைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு பக்கம் அது. சபானும் மலாய்க்காரர். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் சரதியேல் கூட்டத்தைப் பிடிக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளைத்தான் பொலிஸார் வருடந்தோறும் நினைவுகூருகிறார்கள். சரதியேலை அதே ஆண்டு மே மாதம் கண்டியில் தூக்கிலிட்டார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிற எவரும் வழியில் உத்துவன்கந்தைக் குன்றைக் காட்டி, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் அங்கேதான் ஒளிந்திருந்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பதில்லை. இப்போது அவன் பேரில் அங்கே சிலைகளோடு ஒரு கிராமமே அமைத்துச் சீட்டுக் கொடுத்துக் காட்டுகிறார்கள். "கள்ளனுக்கு ஒரு மலை, பொலிஸ்காரனுக்கு ஒரு நாள்" என்று சார்ஜன்ட் அங்கிள் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சிறிது கசப்பும் இருக்கும். கள்ளனைப் பாடுகிற ஜனங்கள் பொலிஸ்காரனைப் பாடாதது ஏன் என்ற கேள்விக்கு அவரிடம் அப்போது ஒரு விடை இருந்திருக்க வேண்டும். அதை அவர் சொன்னது அந்தப் படம் பார்த்த இரவில்தான்.

இனிப் படத்துக்கு வருகிறேன். அனந்த் வேலங்கர் பம்பாயில் ஒரு சப் இன்ஸ்பெக்டர். ஓம் பூரி நடித்திருக்கிறார். அம்மைத் தழும்பு விழுந்த அந்த முகத்தைப் பார்த்ததுமே எங்களில் ஒருவன், "இவனா கதாநாயகன்?" என்று கேட்டான். வேலங்கருக்கு மேலே படிக்கத்தான் ஆசை. கிராமத்தில் இருக்கும் தகப்பன், அவரும் பொலிஸில் இருந்தவர், பிடித்துத் தள்ளிப் பொலிஸில் சேர்த்துவிட்டார். அம்ரிஷ் பூரி நடித்த அந்தத் தகப்பன் மனைவியை அடிக்கிறவர். சிறுவனாகிய வேலங்கர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன். தாயைக் காப்பாற்ற முடியாமல் நின்ற அந்தக் கணம்தான் அவனுக்குள் வட்டியோடு ஏறிக்கொண்டே போகிறது. டெண்டுல்கரின் கெட்டித்தனம் இங்கே இருக்கிறது. பொலிஸ் நிலையத்தின் வன்முறையை அவர் பொலிஸ் நிலையத்தில் தொடங்கவில்லை, அடுப்படியில் தொடங்குகிறார்.

வேலங்கர் நேர்மையானவன். ராமா ஷெட்டி என்ற தாதாவின் மீது குற்றஞ்சாட்டி, எரிந்த உடம்போடு சாகக் கிடக்கும் ஒருவன் வாக்குமூலம் கொடுக்கிறான். வேலங்கர் நேரே போய் ஷெட்டியைப் பிடிக்க நிற்கிறான். ஷெட்டி நாற்காலியை விட்டு எழும்பக்கூட இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு. வேலங்கர் வெறுங்கையோடு திரும்புகிறான். சதாசிவ் அம்ராபூர்கர் என்ற மராத்தி மேடை நடிகர் அந்த ஒரு வேஷத்தில் நாடறிந்தவர் ஆனார். (படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரின் பெயரும் ஷெட்டி, மன்மோகன் ஷெட்டி. வில்லனுக்குத் தன் குடும்பப் பெயரை வைக்கச் சம்மதித்த தயாரிப்பாளர் பெரிய மனசுக்காரர்தான்.) பெண்களிடம் சேட்டை செய்த காடையரை வேலங்கர் அடித்து நொறுக்குகிறான். அவர்கள் ஓர் அரசியல்வாதியின் ஆட்கள். இப்போது வேலங்கரின் வேலைக்கே ஆபத்து. அவனுடைய மேலதிகாரியான ஹைதர் அலி நல்லவர், ஆனால் உலகம் தெரிந்தவர். தில்லி வரை கை நீளும் ஓர் இடைத்தரகரைப் பிடித்துக் காரியத்தை முடித்து வைக்கிறார். சட்டப்படி செய்த காரியத்துக்காகச் சட்டத்துக்கு வெளியே போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. அதற்குப் பிறகு உயிரைப் பணயம் வைத்து ஒரு கொள்ளைக்காரனைப் பிடிக்கிறான். பேரும் புகழும் வேறோர் அதிகாரிக்குப் போகிறது. வேலங்கர் குடிக்கத் தொடங்குகிறான்.

நாடகம் படிக்கும் மாணவர்களுக்கு இது பழக்கமான பாதையாகத் தெரியும். 1972இல் மேடையேறிய டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' நாடகத்திலே, பேஷ்வாக்களின் பூனா நகருக்குக் காசிராம் என்பவனைக் காவல் தலைவனாக்குகிறார் அமைச்சர் நானா பட்னாவிஸ். அவனை வைத்துத் தன் காரியங்களை முடித்துக்கொண்டு, கடைசியில் அவனையே ஜனங்களிடம் பலிகொடுத்துவிடுகிறார். பொலிஸ்காரன் அதிகாரத்தின் கை. கை அழுக்கானால் அதை வெட்டிவிட அதிகாரம் தயங்காது. பத்து வருடம் கழித்து அதே எழுத்தாளர் அந்தக் கைக்குள் ஒரு மனிதனை வைத்துப் பார்க்கிறார். பான்வல்கரின் கதையில் டெண்டுல்கர் தன் பழைய கேள்வியைத் திரும்பக் கண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கவிதையைச் சொல்ல மறந்துவிட்டேனே. வேலங்கர் விரும்பும் பெண் ஜோத்ஸ்னா ஒரு கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவள். 1986இல் இளம் வயதிலேயே மறைந்த ஸ்மிதா பாட்டீல் நடித்திருக்கிறார். அவள் காட்டும் கவிதையை வேலங்கர் விளையாட்டாகத்தான் சத்தமிட்டு வாசிக்கத் தொடங்குகிறான். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்குகிறது. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. அந்தக் கவிதை சக்கரவியூகத்தைப் பற்றியது. உள்ளே போகிறவன் போன பிறகு யாராகிறான் என்ற கேள்வி அது.

சார்ஜன்ட் அங்கிள் அந்த இடத்தில் மொழிபெயர்க்கத் திணறிப்போனார். "ஏதோ வட்டம்... யுத்தம்..." என்றார். எங்களுக்கு அவருடைய உதவி தேவைப்படவில்லை. 'சக்ரவ்யூஹ்' என்ற ஒரு சொல் காதில் விழுந்தது போதும். தோட்டத்து லயத்து முற்றத்தில் இராமுழுக்க 'அருச்சுனன் தபசு' பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அருச்சுனன் மகன் அபிமன்யு வியூகத்துக்குள் போக வழி தெரிந்தவன், வெளியே வர வழி தெரியாதவன் என்று எங்கள் பாட்டிமார் சொல்லி அழுவார்கள். பாரதத்தில் அபிமன்யுவின் மேல் தவறு இல்லை. உடைத்துவிட்ட வழியை மற்றவர்கள் காத்துக்கொள்ளவில்லை. நிஹலானியின் படத்தில் வியூகத்துக்குள் போனவன் அபிமன்யுவாகவே சாவதில்லை. வியூகத்தின் ஒரு வரிசையில் தானும் நின்றுகொள்கிறான். இந்த வித்தியாசத்தை அன்றிரவு நாங்கள் உணரவில்லை. இன்று உங்களிடம் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாகிறது.

அந்த ரேடியோவுக்கு வருவோம். ஒரு சில்லறைத் திருடன் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகிறான். திருடியது ஒரு சிறிய ரேடியோ. வேலங்கர் குடித்திருக்கிறான். அவமானங்கள் எல்லாம் தொண்டைவரை நிற்கின்றன. பிறருக்கு உரியதைத் திருடுகிறாயா, பிறருடைய உரிமையைத் திருடுகிறாயா என்று கத்திக் கத்தி அடிக்கிறான். தன்னிடமிருந்து ஷெட்டி பறித்தது, அரசியல்வாதி பறித்தது, தகப்பன் பறித்தது எல்லாவற்றையும் அந்த ரேடியோக்காரனே பறித்ததுபோல அடிக்கிறான். அவன் செத்துப்போகிறான்.

காடையரை அடித்த காட்சியில் நாங்கள் கை தட்டியிருந்தோம். இங்கே ஒருவரும் அசையவில்லை. இரண்டும் ஒரே கை, ஒரே அடி என்பது எங்களில் யாருக்காவது அப்போதே விளங்கியதா தெரியாது. சார்ஜன்ட் அங்கிள் எழும்பி வெளியே போய்விட்டார். மொழிபெயர்ப்பு இல்லாமலே மிச்சப் படத்தைப் பார்த்தோம். கதையின் முடிவு சுருக்கமானது. விசாரணையிலிருந்து தப்ப வேலங்கர், யாரைப் பிடிக்கப் போனானோ அந்த ஷெட்டியிடமே உதவி கேட்டுப் போகிறான். ஷெட்டி இப்போது தேர்தலில் நிற்கும் பெரிய மனிதர். என் ஆளாக இரு, காப்பாற்றுகிறேன் என்கிறான். வேலங்கர் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, பொலிஸ் நிலையத்துக்குத் தானே நடந்து போய்ச் சரணடைகிறான்.

நான் வெளியே வந்து பார்த்தேன். விறாந்தையில் இருட்டிலே சார்ஜன்ட் அங்கிள் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: "மகன், நாங்க அடிக்கிறது களவெடுத்தவனுக்கு இல்ல. மேல உள்ளவனுக்கு. அவனுக்கு அடிக்க ஏலாதே, அதனால கையில கிடைச்சவனுக்கு அடிக்கிறம்." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அடிச்சிருக்கிறன்" என்றார். யாரை, எப்போது, என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை.

நேயர்களே, இந்தப் படத்துக்கு விருதுகள் குவிந்தன. ஓம் பூரிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. சிறந்த ஹிந்திப் படம் என்ற தேசிய விருதும் இதற்கே. எல்லாம் தகும். கராச்சியில் பிறந்து, பிரிவினையின்போது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்த நிஹலானி, ஷியாம் பெனகலின் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். 1980இல் டெண்டுல்கர் எழுத அவர் எடுத்த 'ஆக்ரோஷ்' படத்தில் இதே ஓம் பூரி, கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டு வாய் திறக்க மறுக்கும் ஓர் ஆதிவாசியாக நடித்தார். பிஹாரில் பாகல்பூரில் 30க்கும் மேற்பட்ட கைதிகளின் கண்களைப் பொலிஸார் அமிலம் ஊற்றிக் குருடாக்கிய செய்தி வெளிவந்ததும் அதே 1980இல்தான். சட்டத்தின் கையில் அகப்பட்டவனை ஒரு படத்திலும், சட்டத்தின் கையையே இன்னொரு படத்திலும் நிஹலானி பார்த்தார் எனலாம். பின்னாளில் 1994இல் அவர் எடுத்த 'துரோக்கால்' படந்தான் கமல் ஹாசன் நடிக்க, பி.சி. ஸ்ரீராம் இயக்கத்தில் 1995இல் 'குருதிப்புனல்' ஆயிற்று.

அண்மையில் 'அர்த் சத்யா'வைத் திரும்பவும் பார்த்தேன். இப்போது கசெட்டும் வேண்டாம், டெக்கும் வேண்டாம். இந்த முறை என் கண் வேலங்கரின் மேல் நிற்கவில்லை. செத்துப்போனவனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் வீடு எது? ரேடியோவைத் திருடினானா, வாங்கினானா? அவனுக்காக வாசலில் வந்து நின்றவர் யார்? படம் அந்த வழியில் போவதில்லை. அது வேலங்கரின் கதை. ஒருவனைக் கொன்றதனால் வேலங்கரின் உள்ளம் எப்படிச் சிதைகிறது என்பதை அணு அணுவாகச் சொல்கிற படத்தில், கொலையுண்டவன் ஒரு நிகழ்ச்சியாக வந்து போகிறான். இது படத்தின் குறையா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரிலேயே 'அரை' என்று ஒப்புக்கொண்டுவிட்ட படம் அது.

மற்ற அரையைச் சொன்னவர்கள் உண்டு. மு. சந்திரகுமார் என்பவர் பிழைப்புத் தேடி ஆந்திராவுக்குப் போன இடத்தில் செய்யாத குற்றத்துக்காகப் பொலிஸாரிடம் அகப்பட்டுத் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் 2015இல் எடுத்த படம் 'விசாரணை'. மொழி தெரியாத ஊரில், என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காமல் அடிபடும் தமிழ்த் தொழிலாளர்களை அதிலே காண்கிறோம். 2021இல் வந்த 'ஜெய் பீம்', 1993இல் கடலூர் மாவட்டத்தில் பொலிஸ் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கிலிருந்து எழுந்தது. அதில் செத்தவனின் மனைவிதான் கதையை நடத்திச் செல்கிறாள். 'அர்த் சத்யா'வையும் 'விசாரணை'யையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஒரு சுவரின் இரண்டு பக்கங்களிலும் நின்றதுபோல இருக்கும்.

நம் நாட்டிலே 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை. எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

தயாரிப்பாளரிடம் சொல்லாத அந்தக் காரணத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

1987இன் தொடக்கத்தில் ஒரு மாலை, நகரையண்டிய ஒரு சந்தியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் தமிழ் இளைஞன் ஒருவன் செய்யக்கூடாத பிழை. ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஒரு வாங்கில் இருத்தி, விடியும்வரை வைத்திருந்தார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவர் பிளேன்டீ கூடத் தந்தார். இந்தக் கதையை நான் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். காலையில் சார்ஜன்ட் அங்கிள் பழைய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, பொறுப்பதிகாரியோடு சிங்களத்தில் பேசி, இவன் எங்கள் வீட்டுப் பிள்ளைபோல என்று உறுதி சொல்லி என்னை மீட்டதையும், சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் ஒப்பம் வைத்ததையும் சொல்லியிருக்கிறேன். ஒரு கதையாகவும் எழுதியிருக்கிறேன். அச்சிலும் வந்தது.

அந்தக் கதையில் நான் எழுதாதது ஒன்று இருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு பையன் இருந்தான். குரலைக் கேட்டால் பதினாறு, பதினேழு வயது இருக்கும். சைக்கிள் ஒன்றைக் களவெடுத்ததாகப் பிடித்து வந்திருந்தார்கள். நடுச்சாமத்துக்கு மேல் அவனை அடித்தார்கள். அவன் முதலில் சிங்களத்தில் கெஞ்சினான், பிறகு தமிழில் கெஞ்சினான், பிறகு மொழி இல்லாமல் கத்தினான். நான் வாங்கில் உட்கார்ந்து சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா? அந்தப் படம். கட்டுக்கலை மாடியில் பார்த்த அந்த ரேடியோக் காட்சி. சினிமாவிலே உடனே செத்துவிடுகிறான், இங்கே இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று நினைத்தேன். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக நான் இன்றுவரை கூசுகிறேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு சத்தம் நின்றது.

காலையில் பொறுப்பதிகாரி என்னிடம், "ஒரு பிரச்சினையும் இல்லைதானே?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

திரும்பி நடந்து வரும் வழியில் சார்ஜன்ட் அங்கிளிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "மகன், அந்தப் பொடியன்ட பேர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. இரவு முழுவதும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். அந்த அறையின் கதவைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். நான் கேட்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் கட்டுக்கலைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையனை வழக்குப் போட்டுப் போகம்பறைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்களாம்; பார்க்க விடவில்லையாம். பெயரைக் கேட்டிருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவன் நேற்றிரவு இங்கே இருக்கவே இல்லை என்றார்களாம்.

போகம்பறைச் சிறைச்சாலையை 2014இல் மூடிப் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய மதில் இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதன் ஓரமாகத்தான் போகிறேன். சார்ஜன்ட் அங்கிள் காலமாகிப் பல வருடமாகிறது. கடைசிக் காலத்தில் ஞாபகம் தடுமாறிப் பிள்ளைகளின் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார். நான் பார்க்கப் போனால் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "பேர் கிடைச்சிச்சா?" என்று கேட்பார். வீட்டிலுள்ளவர்கள் யாருடைய பெயரைக் கேட்கிறார் என்று என்னைப் பார்ப்பார்கள். நான் அவர்களுக்கும் சொன்னதில்லை.

வணக்கம்.